பத்து முதல் ஐந்தே முக்கால் வரை, யாருக்கு? உள்ளாட்சி வேலை நேரம்: கேள்வி பதில்

தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். உள்ளாட்சிப் பணியாளர்களின் வேலை நேரம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சார், சொத்து வரி கட்டக் காலை 10.20-க்குப் போனேன். கவுன்டரில் ஆளே இல்லை. ஆபீஸ் நேரம்தான் என்ன?

காலை 10 முதல் மாலை 5.45 வரை, சனி ஞாயிறு விடுமுறை. கொரோனா காலத்தில் 2020 மே மாதம் பாதிப் பணியாளர்களோடு வாரத்துக்கு ஆறு நாள் என்று மாற்றினார்கள். 2021 ஜனவரி 1 முதல் பழையபடி ஐந்து நாள். 10.20-க்கு ஆள் இல்லையென்றால் நேரே மேலாளர் அறைக்குப் போய்க் கேளுங்கள், தப்பே இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தபோது 10.10-க்கு வருகைப் பதிவேட்டை என் மேசைக்கு எடுத்து வரச் சொல்லிவிடுவேன். பிந்தி வருகிறவர் ஹாலைக் கடந்து வந்து என் எதிரில் நின்றுதான் கையெழுத்துப் போட வேண்டும். மெமோ கொடுத்துத் திருந்தாதவர்கள் அந்தப் பத்தடி நடையில் திருந்தினார்கள். பயோமெட்ரிக் வந்த பிறகு இதெல்லாம் போயிற்று. விரலை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவரை மெஷின் என்ன செய்யும்?

எங்கள் மன்றமே தீர்மானம் போட்டு அலுவலக நேரத்தை 9 மணிக்கு மாற்றலாமா? கேட்பவர் ஒரு கவுன்சிலர்.

முடியாதுங்க. அலுவலக நேரம் மாநில அரசு உத்தரவுப்படிதான். தூய்மைப் பணி, குடிநீர் மாதிரி வெளிவேலைகளுக்குத்தான் ஊருக்கு ஏற்ப நேரம் வைக்கிறார்கள். சென்னையில் கடைத்தெருக்களை ராத்திரியில் பெருக்குவது அப்படித்தான்.

ஐயா, அப்பா ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். "ரெண்டு மணி நேர வேலைதானே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் வீட்டில் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் அப்பா வேலையை இரண்டு மணி நேரம் என்கிறவர் வால்வு திருகுகிற நேரத்தை மட்டும் எண்ணுகிறார் தம்பி. மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் ஓடும். ராத்திரி 2 மணிக்கு வந்தால் 2 மணிக்கு எழுந்து போக வேண்டும். டேங்க் நிரம்பி வழிந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், தண்ணீர் வராவிட்டாலும் அவர்தான். விடியற்காலையில் ஒரு தெரு, ஆறு மணிக்கு அடுத்த தெரு, சாயங்காலம் மறுபடி. நடுவில் கிடைக்கிற நேரத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போய்வர முடியாது.

நான் சொல்வது ஒன்றுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மோட்டார் போட்டது, நிறுத்தியது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறந்தது என்று ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள். வாராவாரம் ஊராட்சிச் செயலரிடம் அதில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு நாளாவது மாற்று ஆள் கேட்டு பி.டி.ஓ.வுக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, மனு எழுதும்போது இந்த நோட்டுதான் பேசும். வெறும் வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள்.

நான் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலை 5.45-க்கே மஸ்டர், அதாவது வருகைப் பதிவு. ஆள் குறைந்தால் சாயங்காலமும் நிறுத்திவைக்கிறார்கள். காசு கேட்டால் "நாளைக்கு வர வேண்டாம்" என்கிறார் மேஸ்திரி.

அம்மா, 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளாட்சி வேலை இருந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அதிலேயே உண்டு. அதற்குப் பதிலாக வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதிலும் கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி. ஒப்பந்தக்காரர் ஆள் என்பதால் இது இல்லாமல் போகாது. ஆனால் தனியாகக் கேட்காதீர்கள், கேட்டால் மேஸ்திரி சொன்னதுதான் நடக்கும். ஒரே மஸ்டரில் இருக்கும் பத்துப் பேர் கையெழுத்தோடு தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள், நகல் ஆணையருக்கு.

நான் ஊராட்சிச் செயலர். லீவு நாளிலெல்லாம் கிராம சபை. ஈடு உண்டா அண்ணா?

ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் ஊருக்கே லீவு, உங்களுக்கு மட்டும் மைக் செட்டும் மினிட் புத்தகமும். வேலைக்கு வரச் சொன்ன உத்தரவைக் காட்டி ஈடுசெய் விடுப்பு கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, சேர்த்துவைத்து தீபாவளிக்கு எடுக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

வெளிநாட்டில் வாரம் நாலு நாள்தான் வேலையாமே, உண்மையா?

ஒரு இடத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்ட மன்றம் 2023 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கியது. ஐந்து நாள் வேலையை நாலு நாளில் முடிக்க வேண்டும், சம்பளம் முழுசு. நிறுத்தச் சொல்லி அப்போதைய அரசு நெருக்கியும் விடவில்லை. 2025 ஜூலையில் நிரந்தரமாக்கினார்கள். எனக்குப் பிடித்தது, மேசை வேலைக்காரர்களோடு நிறுத்தாமல் அதே 2023 செப்டம்பரில் குப்பை வண்டி ஆட்களையும் சேர்த்தது. திங்கட்கிழமை வண்டி வராது. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஊரைப் பிரித்துக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வரி கட்டலாமா?

எங்கள் நகராட்சியில் திறந்துவைப்போம். உங்கள் ஊரில் நோட்டீஸ் பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள். கடைசி வாரம் வேண்டாம், வரிசை தெருமுனை வரை நிற்கும்.