எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குமுன் வீட்டின் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகே தோட்டமொன்றில், லயத்தில் குடியிருக்கிறோம். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த என் மகன் எலெக்ட்ரிக் கிட்டார் பழக ஆசைப்படுகிறான். டவுனில் வகுப்பு நடத்தும் மாஸ்டர், முதல் ஒரு வருடம் கரண்ட் தேவையில்லாத அக்கூஸ்டிக் கிட்டாரில் பழகினால்தான் கை வரும் என்கிறார். அதன் பிறகு ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எலெக்ட்ரிக் கிட்டாரும் அம்ப்ளிஃபயரும் தானே எடுத்துத் தருவதாகவும், இப்போதே பாதிப் பணத்தை முற்பணமாகக் கொடுத்தால் விலை குறையும் என்றும் சொல்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மூத்த மகன் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறான். பக்கத்துக் காம்பராக்களுக்குச் சத்தம் கேட்குமே, கரண்ட் அடித்துவிடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் மகன் நேரடியாக எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே தொடங்கலாம். முற்பணம் கொடுக்க வேண்டாம். கரண்ட் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. கிட்டாரின் விலையை விசாரிப்பதற்கு முன்பாக அதைத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கூஸ்டிக்கில் ஒரு வருடம் பழக வேண்டும் என்ற பேச்சை மலையகத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பெற்றோரிடமும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அடிப்படை கிடையாது. இரண்டிலும் கம்பிகள் ஆறு, சுருதி ஒன்று, கோர்ட், அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக எழுப்பும் பிடி, பிடிக்கும் விதமும் ஒன்று. எலெக்ட்ரிக் கிட்டாரில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் போடும் மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலத் தடிப்பம்; அக்கூஸ்டிக்கில் பொதுவாகப் போடும் அதே கம்பி 0.012 அங்குலம். இந்தச் சிறு வித்தியாசம் விரல் நுனிக்குப் பெரிய வித்தியாசம். தடித்த கம்பியை அழுத்தி விரல் புண்பட்டு, இரண்டாம் மாதத்திலேயே கிட்டாரை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். நைலோன் கம்பி போட்ட கிட்டார் விரலுக்கு மென்மையானதுதான். ஆனால் அதன் நெக், அதாவது விரலால் கம்பியை அழுத்தும் நீண்ட கழுத்து, தலைப்பக்கத்தில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், எலெக்ட்ரிக்கில் 42 அல்லது 43 மில்லிமீட்டர்தான். ஒன்றில் பழகிய கை மற்றதற்கு மாறும்போது மறுபடி பழக வேண்டியிருக்கும். முதலில் ஒரு கிட்டார், அடுத்த வருடம் இன்னொரு கிட்டார் என்றால் வியாபாரம் இரண்டு முறை நடக்கிறது. கற்பிப்பவரே விற்பவராகவும் இருக்கும் இடத்தில் அந்த ஆலோசனை பிள்ளைக்காகச் சொல்லப்பட்டதா, கொமிஷனுக்காகச் சொல்லப்பட்டதா என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது அந்த ஜப்பான் அம்ப்ளிஃபயர். 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பிறகு புதிதாக இறக்குமதியாகும் இசைக்கருவிகள் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. அந்த இடைவெளிக்குள்தான் பாவித்த பொருட்களைக் கொண்டுவந்து விற்பவர்களும் அவர்களுக்கு ஆள் பிடிக்கும் தரகர்களும் நுழைந்திருக்கிறார்கள். ஜப்பானிய கிட்டார்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பல மிக நன்றாகச் செய்யப்பட்டவை. ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் நாட்டில் 230 வோல்ட். அங்கே பாவிப்பதற்கென்று செய்த அம்ப்ளிஃபயரை நம் சுவரில் நேரே செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபோமர் கருகும், சில வேளைகளில் தீயும் பிடிக்கும். வோல்ட்டைக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபோமர் ஒன்று வேண்டும், அதற்கு வேறு செலவு. இதைச் சொல்லாமலே விற்கிறார்கள். இன்னும் மோசமான ஒன்றையும் திருத்த வந்த பெட்டிகளில் பார்த்திருக்கிறேன்: ஜப்பானிய வயரின் நுனியில் இருக்கும் இரண்டு தட்டைப் பின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, நம்மூர் மூன்று பின் பிளக்கை மாட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு மூன்று பின் இருக்கிறது. மூன்றாவது பின்னுக்கு வயரே இல்லை. கோளாறில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இருக்கிறதென்று வாங்குபவர் நம்பிப் போகிறார். விற்கும் பொருள் எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டச் சொல்ல இந்த நாட்டில் ஒருவருக்கும் நேரமில்லை.

ஆகவே எந்த அம்ப்ளிஃபயரைக் காட்டினாலும் உங்கள் மகன் முதலில் அதன் பின்பக்கத் தகட்டைப் படிக்கட்டும். 220, 230 அல்லது 240 வோல்ட் என்றிருந்தால் சரி. 100 முதல் 240 வரை என்றிருந்தாலும் சரி. 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை விட்டுவிட்டு வாருங்கள்.

இனி எர்த். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்-அப் இருக்கிறது. கம்பி அதிரும்போது அதில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதை அம்ப்ளிஃபயர் பெருக்கிச் சத்தமாக்குகிறது. இரைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக கிட்டாரின் கம்பிகளை அதன் எர்த் வயரோடு இணைத்திருப்பார்கள். அந்த வயர் கேபிள் வழியாக அம்ப்ளிஃபயருக்கும், அங்கிருந்து சுவர் பிளக்கின் மூன்றாவது பின்னுக்கும் போகிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இது பாதுகாப்பு. அம்ப்ளிஃபயருக்குள் ஒரு கோளாறு ஏற்பட்டு, சுவரிலும் எர்த் இல்லாமல் இருந்தால், மெயின் கரண்ட் நேரே கிட்டாரின் கம்பிகளுக்கு வந்துவிடும். பிள்ளையின் விரல்களோ அந்தக் கம்பிகளின் மேல்தான் இருக்கும். ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்பவனுக்கு அது உயிராபத்து. 1972 இல் பிரித்தானியாவின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மேடையிலேயே இறந்தார். தொழில்முறைக் கலைஞர்களின் மேடையிலேயே அது நடந்தது என்றால், லயத்துக் காம்பராவில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய லயங்களுக்கு மின்சாரம் பிற்காலத்தில் வந்தது. பல இடங்களில் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு வயரை இழுத்து, ஒரு பிளக் பேஸிலேயே டீவி, கேத்தல், அயன் எல்லாம் ஓடுகின்றன. எர்த் கம்பி புதைத்த இடத்தை யாருக்கும் காட்டத் தெரியாது. இதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்; வருடங்கள் போகின்றன, அந்தச் சுவரில் அதே வயர் தொங்குகிறது. மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல், கிட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அனுமதிப்பத்திரமுள்ள வயரிங்காரர் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லிஅம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச்சில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது வெறும் பெட்டிதான். மகன் தானே வயரைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

எர்த் சரியில்லாத வீட்டில் அம்ப்ளிஃபயர் பாவிக்கவே கூடாது என்பது என் கண்டிப்பான பதில். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் நிலைமைக்கு அது மிகவும் பொருந்துவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிட்டாரில் கேபிள் செருகும் ஓட்டையிலேயே நேரே செருகக்கூடிய, உள்ளங்கைக்குள் அடங்கும் ஹெட்போன் அம்ப்ளிஃபயர்கள் கிடைக்கின்றன. வொக்ஸ் நிறுவனத்தின் அம்ப்ளக் அப்படியான ஒன்று. இரண்டு சிறிய ஏஏஏ பேட்டரிகளில், அதாவது மொத்தம் 3 வோல்ட்டில் இயங்குகிறது. சுவரோடு தொடர்பே இல்லாததால் எர்த் என்ற பிரச்சினை அங்கே எழுவதில்லை. சத்தம் ஹெட்போனுக்குள் மட்டுமே கேட்பதால், லயத்தின் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம், விடிந்தால் கொழுந்தெடுக்கப் போக வேண்டியவரின் தூக்கமும் கெடாது. ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. சில மொடல்கள் சார்ஜ் செய்து பாவிப்பவை. அவை சார்ஜரில் இருக்கும்போது வாசிக்கக் கூடாது, ஏனென்றால் அப்போது மறுபடி சுவரோடு தொடர்பு வந்துவிடுகிறது, கடைகளில் கிடைக்கும் மலிவான போலி சார்ஜர்களை நம்ப முடியாது. போன் வழியாக வாசிக்க உதவும் இணைப்புகளுக்கும் இதே விதிதான். ஹெட்போன் வயருள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் சத்தம் சற்றுத் தாமதித்து வருவதால் விரலும் காதும் ஒத்துப்போகாமல் தாளம் கெட்டுவிடும். ஹெட்போனின் சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டக் கூடாது. நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க இந்தக் கருவி போதாதுதான், ஆனால் முதல் ஆறு மாதங்களுக்கு அதற்கு அவசியமும் இல்லை. உங்கள் வீட்டு வயரிங் சரியாகும் வரை இதுவே போதும். சரியான பிறகு 10 அல்லது 15 வொட் அம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். பெரியது வேண்டாம். அது வந்த பிறகு, ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

கிட்டாரைத் தெரிவு செய்வதில் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். தலைப்பகுதியில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரை ஒட்டிய போலிகள் ஏராளம். யமஹா பசிஃபிகா, ஸ்குவையர் போன்றவை தொடக்கநிலைக்கு நல்லவை. நன்றாகச் செட் செய்த பெயர் தெரியாத கிட்டாரும் போதும். கடைக்குப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரை, உங்களுக்கு விற்க நினைக்காத ஒருவரை, கூட்டிக்கொண்டு போங்கள். தேவாலயத்தில் வாசிக்கும் அண்ணன்மார் யாராவது இருப்பார்கள். அவர் 12ஆம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே உள்ள உயரத்தைப் பார்க்கட்டும். 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது, 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பிள்ளையின் கை வலிக்கும். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி, இரைகிறதா என்று கேட்கட்டும். கம்பியைத் திறந்து தட்டும்போதும் 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தித் தட்டும்போதும் சுருதி காட்டும் டியூனர் அதே ஸ்வரத்தைக் காட்ட வேண்டும். நெக் முறுகியிருந்தால் அந்தக் கிட்டாரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மற்றக் குறைகள் பெரும்பாலும் திருத்தக்கூடியவை. கம்பி உயரத்தையும் நெக்கின் வளைவையும் சரிசெய்யும் அந்தச் செட் வேலைக்கென்று கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள். கொழும்பிலிருந்து கொண்டுவருவதானால், வீட்டில் இரண்டு வாரம் வைத்திருந்து மரம் நம் குளிருக்கும் ஈரத்துக்கும் பழகிய பிறகு செட் செய்வது நல்லது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மஸ்கெலியாவின் ஈரம் கம்பிகளை எளிதில் துருப்பிடிக்க வைத்துவிடும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்து, உறைக்குள் வைக்க வேண்டும். ஊறும் சுவரில் சாய்க்கவோ அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடவோ கூடாது.

பழகும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் சுருதி சேர்க்கட்டும். போனில் இலவச டியூனர் கிடைக்கிறது. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், எளிய இரண்டு கோர்ட்களை, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் மாற்றிப் பழகினால், இரண்டு மூன்று வாரங்களில் விரல் நுனி இறுகி வலி குறையும். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் போட்டு வாசிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சத்தம் சுத்தமாக வந்த பிறகு போடட்டும், ஏனென்றால் அது தவறுகளை மறைத்துவிடும். மூன்றாம் மாதத்திலேயே வெளிநாட்டுத் தரப் பரீட்சைக்குக் கட்டணம் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நம் தோட்டப் பாடசாலைகளில் எத்தனை இடங்களில் மேலைத்தேய சங்கீதத்துக்கு ஆசிரியரே இல்லை. அந்தக் குறையை வைத்தே சான்றிதழ் வியாபாரம் நடக்கிறது.

இனி அந்த மாஸ்டர். அவர் நன்றாகக் கற்பிப்பவராக இருக்கலாம். வகுப்புக்கு மாதாமாதம் பணம் கொடுத்து மகனை அனுப்புங்கள். கருவியை நாங்களே பார்த்து வாங்கிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னதும் வகுப்பில் இடமில்லை என்றாரானால், அவருக்குத் தேவைப்பட்டது மாணவன் அல்ல. மூத்த மகன் அனுப்பும் பணம் கையிலிருக்கும்போது நுண்கடன்காரரிடமோ தவணைக்குத் தருபவரிடமோ போகாதீர்கள். கிட்டார் கறள் பிடித்த பிறகும் தவணை நிற்காது. யாரிடம் வாங்கினாலும் பொருளைக் கையில் எடுத்து, செருகி, வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பற்றுச்சீட்டில் கிட்டாரின் பெயர், தொடரிலக்கம், அம்ப்ளிஃபயரின் வோல்ட் மூன்றையும் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் கையில் சீட்டில்லாமல் முறையிட்டால் உங்கள் பேச்சுக்கு எதிராக விற்றவரின் பேச்சு நிற்கும். ஏற்கனவே அந்த மாஸ்டரிடம் ஏதாவது பணம் கொடுத்திருந்தால், எவ்வளவு, எந்தத் திகதியில், எதற்காக என்று இந்த வாரமே அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.