குருணை மருந்து நெல்லுக்குள் ஏறுவது எப்படி?

கேள்வி: சம்பா நட்டு 25 நாள் ஆகிறது. குருத்துப்பூச்சிக்காகக் குளோரான்ட்ரனிலிப்ரோல் 0.4 சதவீதக் குருணையை ஏக்கருக்கு 4 கிலோ, மணலில் கலந்து தூவினேன். இரண்டாம் நாள் ராத்திரி பெய்த மழையில் வயல் நிரம்பி, தண்ணீர் வாய்க்காலுக்கு வழிந்துவிட்டது. மறுபடி போட வேண்டுமா? வேர் வழியாக ஏறும் மருந்து நெல்மணியிலும் தங்குமா? – திருவாரூர் பக்கத்து விவசாயி

பதில்: இப்போதைக்கு மறுபடி போட வேண்டாம். தண்ணீரோடு கொஞ்சம் போயிருக்கும். ஆனால் எல்லாமே போயிருக்காது.

நீங்கள் தூவிய 4 கிலோவில் மருந்து என்பது வெறும் 16 கிராம்தான். ஒரு ஏக்கரில் 3 செ.மீ. தண்ணீர் நின்றால் அது சுமார் 1,20,000 லிட்டர். அவ்வளவு தண்ணீரில் அந்த 16 கிராம் கரைந்து பயிருக்குப் போய்ச் சேர வேண்டும். குருணை போட்டபின் மடையை அடைத்து நாலைந்து நாள் தண்ணீரைக் கட்டிவையுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நெல் வேர் மருந்தை மட்டும் தனியாக உறிஞ்சுவதில்லை. வெயிலில் இலை ஆவி விடுகிறது, அந்த இழுப்பில் வேர் தண்ணீர் குடிக்கிறது, தண்ணீரில் இருக்கும் மருந்தும் கூடவே வருகிறது. வேருக்குள் ஓரிடத்தில் மெழுகு பூசிய வளையம் போல ஒரு தடுப்பு உண்டு. அதைத் தாண்ட, கொழுப்பாலான செல் சவ்வுக்குள் புகுந்துதான் போக வேண்டும். தண்ணீரிலேயே ஒன்றிப்போகும் மருந்து அந்தச் சவ்வில் சுலபமாக நுழையாது. எண்ணெய்த் தன்மை அதிகமுள்ள குளோர்பைரிபாஸ் போன்றது சேற்றிலும் வேரின் தோலிலும் ஒட்டிக்கொண்டு மேலே ஏறாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் நன்றாக ஏறும். கார்போபியூரான் ஒரு லிட்டர் தண்ணீரில் 320 மில்லிகிராம் வரை கரையும். அதனால் சீக்கிரம் ஏறும், மழை வந்தால் சீக்கிரம் அடித்தும் போய்விடும். உங்கள் மருந்து லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். களிமண்ணிலும் மக்கிலும் ஓரளவு ஒட்டி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விடும். உங்கள் பக்கம் பெரும்பாலும் களிமண் பூமி. இரண்டு நாளில் ஒரு பங்கு சேற்றில் இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

மருந்து புழுவைச் சென்றடைய இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு தூரைப் பிடுங்கி இலையுறையை விரலால் பிரித்துப் பாருங்கள். தண்டுக்கும் உறைக்கும் நடுவே ஈரம் கசிந்து நிற்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, வயல் தண்ணீர் அந்த இடுக்கில் ஏறுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு தண்டைத் துளைக்கும் முன் பதுங்குவதும் அங்கேதான். 1960களில் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், அன்று புழக்கத்திலிருந்த லிண்டேன் என்ற மருந்தை வயல் தண்ணீரில் போட்டே தண்டுத் துளைப்பானை, அதாவது குருத்துப்பூச்சியை, கட்டுப்படுத்திப் பார்த்தார்கள்.

ஐப்பசி மாதத்தில் இன்னொரு சங்கடம். வானம் மூடிக் கிடந்தால் இலை ஆவி விடுவது குறையும், மருந்து ஏறுவதும் மந்தமாகும். அதனால் மறுநாளே குருத்துப்பூச்சி குறையவில்லை என்று பதற வேண்டாம். முதலில் வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளைகளை மிதித்து அடையுங்கள். வளை வழியாக ராத்திரி பகலாகக் கசியும் தண்ணீரோடும் மருந்து போய்விடும்.

அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளைப் பாருங்கள். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடியில் கடித்த அடையாளம் இருந்தால் அது குருத்துப்பூச்சி. நூறு தூரில் 10 அப்படி இருந்தாலோ, இலை நுனியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் சதுர மீட்டருக்கு 2 தென்பட்டாலோ மட்டும் மருந்து தேவை. அப்போதும் அதே குருணை வேண்டாம். வேறு வகை மருந்தை இலையில் தெளியுங்கள். எதை என்று உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்மணி விஷயத்துக்கு வருகிறேன். வேரிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் அதிகம் ஆவி விடும் இலைகளுக்கே போகிறது. மணிக்குப் பால் பிடிப்பது வேறு குழாய் வழியாக, இலை சமைத்த சர்க்கரையோடு. உங்கள் மருந்து போன்றவை அந்தக் குழாயில் அதிகம் பயணிப்பதில்லை. ஆகவே அரிசியைவிட உமியிலும், வைக்கோலிலும்தான் மருந்து கூடுதலாகத் தங்கும். நட்ட 25ஆம் நாள் போட்டது, அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இதற்காக வீட்டுச் சாப்பாட்டை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த வயலிலும் வடிகாலிலும் கொஞ்ச நாளைக்கு நண்டு, நத்தை பிடிக்காமல் இருங்கள், வாத்தும் மேய விடாதீர்கள். கதிர் வரும் சமயத்தில் வேறு மருந்து தெளிக்க நேர்ந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும் முன் அறுப்பு மெஷினை வயலில் இறக்க வேண்டாம்.