ஒருக்களித்த கதவு

கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் விடிஏசி (மின்னழுத்தத்துக்கு ஏற்ப நிலை மாறும் அயனி வாயில்) புரதம் ஓர் ஓட்டைதானே? அது மூடிக்கொண்டால் உள்ளே எதுவுமே போகாதா?

பதில்: ஓட்டை இருக்கட்டும். 'மூடிக்கொண்டால்' என்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்குப் பழைய வழக்கு. பாடநூல்களும் அப்படித்தான் எழுதுகின்றன. விடிஏசி மூடுவதில்லை, ஒருக்களிக்கிறது. ஒருக்களித்துச் சாத்திய கதவில் ஆள் நுழைய முடியாது, பூனை நுழைந்துவிடும்.

லிப்பிட் (கொழுப்பு) படலத்தில் ஒற்றை விடிஏசியைப் பதித்து, 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 10 மில்லிவோல்ட் கொடுங்கள். கடத்துதிறன், அதாவது மின்னோட்டத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவு, 4 நானோசீமென்ஸ் வாக்கில் இருக்கும். மின்னழுத்தத்தை நேராகவோ எதிராகவோ 50 மில்லிவோல்ட்டுக்கு ஏற்றினால் சட்டென்று ஏறக்குறைய பாதியாகும், பூஜ்யமாகாது. திறந்திருக்கையில் எதிர்மின் அயனிகளுக்குச் சலுகை. ஒருக்களித்ததும் சலுகை நேர்மின் அயனிகளுக்கு மாறிவிடுகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான, எதிர்மின் சுமந்த ஏடிபி வாசலிலேயே நிற்கும், நேர்மின் சுமந்த கால்சியமோ முன்பைவிட எளிதாக உள்ளே போகும். மைட்டோகாண்ட்ரியாவில் கால்சியம் மிதமிஞ்சினால் செல் சாகும். 'மூடியது' என்று எழுதுகிறவர் இந்தக் கணக்கை அப்படியே தொலைத்துவிடுகிறார்.

அமைப்பும் விசித்திரமானது. மனித விடிஏசி-1, புரதச் சங்கிலியின் 19 பட்டைகள் வளைந்து சேர்ந்த பீப்பாய். பாக்டீரியாப் பீப்பாய்களில் பட்டைகள் பொதுவாக இரட்டைப்படை. இங்கே ஒற்றைப்படை என்பதால் முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் ஒரே திசையில் ஓடி இணைகின்றன. 2008-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் இதைக் காட்டின.

செல் சாகும்போது உட்சவ்வில் திறக்கும் பெருந்துளையின் அங்கமே விடிஏசி என்றார்கள் முன்பு. 2007-இல் எலிச் செல்களில் விடிஏசியின் 1, 3 வகை மரபணுக்களை நீக்கி 2-ஐயும் அடக்கினார்கள். அந்தத் துளை அப்போதும் திறந்தது. பழைய படத்தை இன்னும் அச்சிடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சோதனை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த விடிஏசியோடு அந்தப் பாக்டீரியாவின் சொந்தத் துளைப் புரதமான ஓம்ப்-எஃப் ஒட்டிக்கொண்டு வரும். மூன்று துளைகள் சேர்ந்த அதற்கும் அதே உப்பில் கடத்துதிறன் 4 நானோசீமென்ஸ் வாக்கில்தான். எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். 50 மில்லிவோல்ட்டில் அசையாமல் நின்று, 100-ஐத் தாண்டியபின் மூன்று சமபடிகளாகப் பூஜ்யத்துக்கே இறங்கினால் அது ஓம்ப்-எஃப். அந்தப் பதிவைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓம்ப் மரபணுக்கள் நீக்கிய ஈ.கோலையிலிருந்து புரதத்தைத் திரும்ப எடுங்கள்.