ஹான்யாக் குடித்தால் உடம்பு இளைக்குமா?

சியோலுக்கு வந்த நாலே மாதத்தில் ஆறு கிலோ ஏறிவிட்டது, லேபில் கூட இருக்கும் கொரியப் பெண் ஹானிவொன் என்கிற கொரிய வைத்தியசாலைக்குப் போய் ஹான்யாக், அதாவது மூலிகைக் கஷாயம், வாங்கச் சொல்கிறாள், "மூலிகைதானே அக்கா, நம்ம சித்த வைத்தியம் மாதிரி, பயமில்லையே?" என்று கேட்டிருக்கிறாய். நானும் இதே நினைப்பில்தான் ஆறு வருடம் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முதலில் வெறுங்காலோடு, உடம்பின் கொழுப்பையும் தசையையும் அளக்கும் இன்பாடி மெஷினில் ஏற்றுவார்கள். அப்புறம் இரண்டு கையிலும் நாடி. வியர்க்குமா, பசி எப்படி, தூக்கம் வருமா, மலச்சிக்கல் உண்டா என்று ஒரே கேள்வி. கடைசியில் "நீங்கள் தேயுமின்" என்றார் வைத்தியர். 1894இல் லீ ஜே-மா என்ற கொரிய வைத்தியர் மனிதர்களை நாலு உடல்வாகாகப் பிரித்து எழுதினார், அந்த நாலில் ஒன்று இது. நம் வாத பித்த கபம் நினைவுக்கு வரும், ஆனால் கணக்கு வேறு.

தேயுமின்காரர்களுக்கென்றே ஒரு பழைய கஷாயம் உண்டு. காய்ந்த செஸ்ட்நட், முள்ளங்கி விதை, நம் வசம்புக்குப் பங்காளி முறையில் ஒரு வேர் எல்லாம் சேரும். கூடவே மாஹ்வாங், அதாவது எபிட்ரா என்கிற செடி. பசியை அடக்குவது முக்கியமாக அதுதான். அதில் இருப்பது எபிட்ரின், இதயத்துடிப்பையும் பிரஷரையும் கூட்டும். எபிட்ரா கலந்த சத்து மாத்திரைகளை 2004இல் அமெரிக்கா தடை செய்தது. இங்கே வைத்தியர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம்.

எனக்கு மூன்றாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. பகலில் நாலு காபி குடிப்பேன், அதுவும் சேர்ந்தால் படபடப்பு கூடும். அதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன் செய்ததும் அளவைக் குறைத்தார்கள். நாலு கிலோ குறைந்தது உண்மை. நிறுத்தியதும் இரண்டு திரும்பி வந்ததும் உண்மை.

போவதென்றால் போ. ஆனால் மாஹ்வாங் இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று வாய்விட்டுக் கேள். பிரஷர், தைராய்டு, இதயக் கோளாறு, கர்ப்பம் எதுவானாலும் மறைக்காதே. காபியை விடு. காப்பீடு அக்குபங்சருக்கு உண்டு, இளைக்கிற கஷாயத்துக்குக் கிடையாது. ஒரு மாதத்துக்கே லட்சக்கணக்கில் வொன் போகும்.

அப்புறம், மிச்சக் கஷாயப் பாக்கெட்டை யாருக்கும் கொடுக்காதே, யாரிடமும் வாங்காதே. ஊருக்குப் போனபோது ஒரு பெட்டியை அம்மாவுக்கென்று சூட்கேஸில் வைத்துவிட்டேன். அம்மா பிரஷர் மாத்திரை போடுகிறவர். விமான நிலையம் கிளம்பும்முன் அது நினைவு வந்து எடுத்து வெளியே வைத்தேன்.