கொலாய்டல் சில்வர் குடித்தால் உடலுக்குள் என்ன ஆகிறது? குடித்ததெல்லாம் வெளியே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பகுதி போய்விடும், எல்லாமும் போகாது. விற்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவன். மிச்சம் நிற்கிறதே அந்தக் கொஞ்சம், அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கொலாய்டல் சில்வர் என்று மருந்துபோல விற்கும் பாட்டிலில் இருப்பது தண்ணீர், அதில் மிதக்கும் வெள்ளி நானோ துகள்கள், கூடவே கரைந்த வெள்ளி அயனிகள். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்திருப்பீர்கள். தயிர் போல வெள்ளை வீழ்படிவு உடனே திரண்டு வரும். சோதனைக்குழாயை ஜன்னலோரம் வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது வயிற்றில் நடக்கிறது, இரண்டாவதுக்கு நெருக்கமான ஒன்று தோலில் நடக்கிறது.

இரைப்பையில் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளி அயனி உள்ளே வந்ததும் கணிசமான பங்கு சில்வர் குளோரைடாகத் திரண்டுவிடும். அது நீரில் கரையாது என்றே சொல்லலாம், அதனால் குடல் வழியே மலத்தோடு போய்விடும். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அமிலத்தில் நானோ துகள்களின் மேற்பரப்பு மெல்ல அரிபட்டு புது அயனிகள் வந்துகொண்டே இருக்கும். குளோரைடு மிக அதிகமாக இருக்கும் இடத்தில் அதே வெள்ளி கரையக்கூடிய வேறொரு சேர்மமாகவும் மாறும். இந்தக் கரைந்த பங்குதான் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகிறது.

எவ்வளவு போகும்? எலி, குரங்கு ஆகியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு வாரத்துக்குப் பின் உடலில் தங்கியது 1 சதவீதத்துக்கும் கீழே. நாய்களில் சுமார் 10 சதவீதம். மனிதரில் அளந்தது மிகவும் குறைவு. சில்வர் அசிடேட் உட்கொண்டு ஏற்கெனவே தோல் நிறம் மாறியிருந்த ஒரு பெண்ணிடம், ஒரே ஒரு வேளை மருந்தில் ஏறக்குறைய 18 சதவீதம் தங்கியது தெரியவந்தது. ஒருவரை வைத்து எல்லோருக்கும் கணக்குப் போட முடியாதுதான். ஆனாலும் எலிக் கணக்கைக் காட்டி மனிதருக்குத் தைரியம் சொல்வது சரியில்லை என்பதற்கு அது போதும்.

ரத்தத்துக்குள் வந்த வெள்ளி முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். வெள்ளிக்குக் கந்தகம் என்றால் விடாத ஈர்ப்பு. குளுட்டாதயோன், மெட்டலோதயோனின், அல்புமின் என்று கந்தகம் உள்ள எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் அதில் பெரும்பங்கைப் பித்தநீரில் தள்ளிவிடும். அது குடலுக்கு வந்து மலத்தில் வெளியேறும். சிறுநீரில் போவது சொற்பம். ஆகவே “நிறையத் தண்ணீர் குடியுங்கள், எல்லாம் அலசிப் போய்விடும்” என்ற யோசனை இங்கே செல்லாது. விபத்தாக வெள்ளித் தூசியை உள்ளிழுத்த ஒருவரின் கல்லீரலில் இருந்த அளவு பாதியாகக் குறையவே 50 நாளுக்கு மேல் ஆனது. தினமும் குடிக்கிறவருக்குப் பழையது போவதற்குள் புதியது வந்து சேர்ந்துவிடும். எலிகளில் வாயால் கொடுப்பதை நிறுத்தி 8 வாரம் கழித்துப் பார்த்தபோதும், மற்ற உறுப்புகளில் பெரும்பாலும் குறைந்திருந்த வெள்ளி மூளையிலும் விந்தகத்திலும் அப்படியே இருந்தது.

இப்போது அந்த ஜன்னலோரச் சோதனைக்குழாய்க்கு வருவோம். ரத்தத்தில் சுற்றும் வெள்ளி தோலுக்கும் வருகிறது. அங்கே வெயில் பட்டு உலோக வெள்ளியாக மாறி, பிறகு கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து கரையாத கருந்துகள்களாகப் படிகிறது. வயிற்றில் தொடங்கி தோலில் முடியும் இந்தச் சங்கிலியை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2012-இல் ஆய்வகத்தில் படிப்படியாகக் காட்டினார்கள். பழைய புகைப்பட ஃபிலிமில் நடந்ததும் இதே வேதியியல்தான். நிறமாற்றத்தின் பெயர் ஆர்ஜிரியா. பல நேரம் ஈறுகளிலும் நகத்தின் அடியில் இருக்கும் பிறை வடிவிலும் முதலில் நீலச் சாம்பல் தெரியும். பிறகு முகம், கழுத்து, கை என்று வெயில் படும் இடங்கள். சட்டை மறைக்கும் இடத்தில் அவ்வளவாக இருக்காது.

தோலின் மேலடுக்கு உதிர்ந்து புதிதாக வளரும். வெள்ளி படிவதோ அதற்குக் கீழே, வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றி. அதனால் அது உதிராது. ஈயம், பாதரசம் போன்றவற்றை வெளியேற்றக் கொடுக்கும் மருந்துகளும் இதை அசைப்பதில்லை. சிலவகை லேசர் சிகிச்சையில் நிறம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ், 2000 பிறந்ததும் கணினிகள் முடங்கி ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, வீட்டிலேயே இதைத் தயாரித்துக் குடித்தார். 2002-இல் செனட் தேர்தலில் நின்றபோது அவர் முகம் நீலச் சாம்பலாகத்தான் இருந்தது.

அளவைப் பார்ப்போம். 10 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு டீஸ்பூனில் 50 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 300. ஆக, ஒரு ஸ்பூன் தெரியாமல் குடித்துவிட்டவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதே நீரை 240 மில்லி டம்ளரில் குடித்தால் 2,400 மைக்ரோகிராம், வரம்பைப் போல எட்டு மடங்கு. வெள்ளிக் கம்பியையும் பேட்டரியையும் வைத்து வீட்டில் தயாரிப்பவர்களுக்குத் தங்கள் நீரில் எத்தனை பிபிஎம் இருக்கிறது என்பதே தெரியாது.

வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடிப்பது, தீபாவளிக்கு வெள்ளித்தாள் ஒட்டிய இனிப்பு சாப்பிடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அதில் கரைந்து வருவது மிகக் கொஞ்சம். ஆனால் ஜப்பானில் வெள்ளி பூசிய சின்ன வாய்மண உருண்டைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு ஆர்ஜிரியா வந்திருக்கிறது. சிறிய அளவானாலும், விடாமல் தினமும் என்றால் கவனம் தேவை.

இத்தனைக்கும் கிடைக்கும் பலன் என்ன? குடிப்பதால் எந்த நோயும் குணமானதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999-இலேயே, இது பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்படவில்லை என்று விதி போட்டது. 2020-இல் கொரோனாவுக்கு மருந்து என்று விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது.

உங்கள் வீட்டில் யாராவது குடித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் அவர் நகப்பிறையையும் ஈறுகளையும் பாருங்கள். நீலம் தட்டுகிறது என்றால் தோல் மருத்துவரிடம் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். தைராய்டுக்கு தைராக்சின் மாத்திரையோ, சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக்கோ எடுக்கிறவர் என்றால் அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்துகள் உடலில் சேர்வதை வெள்ளி குறைத்துவிடக்கூடும்.