கேள்வி – பதில்: மலைக்கு அரிசி ஏறிய வழி

கேள்வி (காரைக்குடி வாசகி): பர்மா அரிசி கப்பலில் வந்த கதையை எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்வார்கள். கடலும் துறைமுகமும் இல்லாத மூணாறு மலையில், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அரிசி எப்படிப் போய்ச் சேர்ந்தது? அங்கே ரயில் ஓடியது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். மூணாற்றுக்கும் மலை விளிம்பிலிருந்த டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. வண்டியின் பாரத்தைத் தண்டவாளம் தாங்க, பக்கச் சக்கரம் ஒன்று சாலையில் உருள, மாடுகள் அதை இழுத்தன. 1908-இல் அது நீராவி இஞ்சின் ஓடும் இரண்டடி அகலப் பாதையாக மாறியது. குண்டலப் பள்ளத்தாக்கு ரயில் என்பது அதன் பெயர். அந்த ரயில் மலையை விட்டு ஒருநாளும் கீழே இறங்கியதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டாப் ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கப்பால் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி நம் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் வழியாக, இன்று கொடைக்கானல் ரோடு என்று அழைக்கப்படும் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கு வண்டிகளில் போயின. தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் மற்றச் சாமான்களும் இதே வழியில் மேலே ஏறின.

தொழிலாளியின் பசியை எண்ணி யாரும் அந்தப் பாதையைப் போடவில்லை. தேயிலை இறங்க வேண்டியிருந்தது. இறங்கிய வண்டி வெறுமையாகத் திரும்பாமல் இருக்க அரிசி ஏறியது. மலையாள நாட்டார், தங்கள் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் பேசும் 1924-ஆம் ஆண்டுப் பெருமழை அந்த ரயிலை அடியோடு அடித்துச் சென்றது; அதை மீண்டும் யாரும் கட்டவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்! நான்காண்டு முந்தியிருந்தால் கொட்டகுடியிலிருந்து போடி வரை மட்டும் வண்டி பூட்டினால் போதுமாக இருந்திருக்கும்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): ஊட்டி மலை ரயிலில் இப்போதும் மூட்டைகளை ஏற்றினால் லாரிச் செலவு மிச்சமாகாதா?

பதில்: ஆகாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏறத்தாழ பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்சக்கரம் கவ்வ, இஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. சில பெட்டிகளுக்கு மேல் கோக்க இயலாது. வேகமும் மிகக் குறைவு. சுற்றுலாவுக்கு அது போதும், சரக்குக்குப் போதாது.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): அப்படியானால் காஷ்மீருக்கும் மிசோரமுக்கும் இவ்வளவு செலவு செய்து பாதை போட்டது எதற்கு?

பதில்: அவை வேறு வகை. ஏற்றத்தைப் பற்சட்டத்தால் வெல்லாமல், சுரங்கங்களாலும் பாலங்களாலும் ஏற்றத்தையே குறைத்துப் போடப்பட்ட அகலப் பாதைகள் அவை. ஆகவே சமவெளியில் ஓடும் வேகன்களே அப்படியே மேலே போகின்றன. 2025 ஆகஸ்டு 9 அன்று பஞ்சாபின் ரூப்நகரிலிருந்து 21 வேகன் சிமெண்டுடன் அனந்தநாக்கை அடைந்த முதல் சரக்கு ரயில் ஆயிரம் டன்னுக்கு மேல் சுமந்து சென்றது. பத்து டன் லாரியில் என்றால் நூறு நடையாவது ஆகியிருக்கும். அதே மாதத்து மழையில் ஜம்மு–ஸ்ரீநகர் சாலை சரிந்து, ஆப்பிள் லாரிகள் வழியிலேயே நின்று பழம் அழுகியபோது, பட்காமிலிருந்து தில்லிக்குப் பார்சல் ரயில் விட முடிந்தது. சிமெண்டு ஏறவும் ஆப்பிள் இறங்கவும் இருப்பதால் காஷ்மீர்ப் பாதைக்கு இரு பக்கமும் வேலை உண்டு.

மிசோரம் அவ்வளவு கொடுத்துவைத்ததல்ல. 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட பைரபி–சாய்ராங் பாதை, 48 சுரங்கங்களைக் கடந்து, மாநிலத் தலைநகர் அய்ஸ்வாலுக்குச் சற்று முன்னே நின்றுவிடுகிறது; அங்கிருந்து ஊர் ஊராக லாரிதான் ஏற வேண்டும். இறங்கும் சுமையும் அங்கே குறைவு. கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அது நட்டப் பாதைதான். ஆனால் அந்த நட்டத்தை அரசு ஏற்பதே சரி என்பது என் கருத்து. ஏனெனில் சாய்ராங்கில் கிடங்கு நிறைந்திருந்தால், கீழே சமவெளிக்குப் போகும் சாலை மழையில் சரிந்தாலும், மேலே அரிசி விலை உடனே ஏறாது.