5 வயசு பிள்ளை பல் டாக்டர்ட்ட வாயே திறக்க மாட்டேங்கா, மயக்கம் குடுத்து செய்யலாமா?

கேட்டவங்க சங்கரன்கோவில் பக்கம்னு போட்டிருக்காங்க. பொண்ணுக்கு 5 வயசு, கடவாப்பல்லுல நாலு சொத்தை, சேர்ல உக்கார வச்ச உடனே ஒரே கத்தலாம். ஒரு டாக்டர் பயம் போக மூக்கு வழியா கேஸ் குடுத்து பாக்கலாம்னு சொல்ல, இன்னொருத்தர் ஆஸ்பத்திரில சேத்து முழு மயக்கத்துல ஒரே நாள்ல முடிச்சிரலாம்னு சொல்லிட்டாராம், வீட்ல மாமியார் பால்பல்லு தான, விழுந்துரும் விடுன்னு சொல்லுதாங்களாம். இதுல எது பிள்ளைக்கு நல்லதுங்கிறது கேள்வி.

நான் டாக்டர் இல்ல, பாளையங்கோட்டைல பிள்ளைங்களுக்கு மட்டும் பாக்குற பல் கிளினிக் ஒண்ணுல அசிஸ்டன்டா இருக்கேன். மாஸ்க் வைக்கிறது, பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு பேச்சு குடுக்கிறது, விரல்ல மாட்டுன ஆக்சிஜன் மெஷினப் பாத்துக்கிட்டே இருக்கிறது எல்லாம் என் வேலை தான், அதனால பக்கத்துல நின்னு பாத்தத சொல்லுதேன்.

முதல்ல மாமியார் பேச்சு. முன்பல்லுன்னா 6, 7 வயசுல விழுந்துரும், சரி. கடவாப்பல்லு விழ 10, 12 வயசு ஆயிரும், அது வரைக்கும் அஞ்சாறு வருசம் அந்தப் பிள்ளை அந்தப் பல்லால தான் சாப்பிடணும். சொத்தை உள்ள போயி சீழ் கோத்து கன்னம் வீங்குனா அப்புறம் நிதானமா யோசிக்கவே நேரம் இருக்காது. அதனால விட்டுராதீங்க.

ஆனா பயப்படுற எல்லாப் பிள்ளைக்கும் மருந்து வேணும்னு இல்ல, இத நல்லா கேட்டுக்கோங்க. சொல்லி, காட்டி, அப்புறம் செய்யிற முறை ஒண்ணு 1959ல இருந்தே பிள்ளைங்க பல் வைத்தியத்துல இருக்கு, இந்த மெஷின் காத்து அடிக்கும்னு சொல்லுறது, விரல் நகத்துல அடிச்சுக் காட்டுறது, அப்புறம் தான் பல்லுல வைக்கிறது. முதல் நாள் சேர்ல ஏறி இறங்கிட்டு போனாலே போதும்னு விடுற டாக்டர் கெடைச்சா பாதிப் பயம் போயிரும். சொத்தை ஆழமா இல்லன்னா 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளோரைடு மருந்த தொட்டு வச்சு அது பரவாம நிப்பாட்டலாம், தோண்டவும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், அந்த இடம் கருப்பா ஆயிரும், கடவாப்பல்லு தான, வெளிய அவ்வளவா தெரியாது. ஊசி போடாம, தோண்டாம ஸ்டீல் தொப்பி மாட்டுற முறையும் இருக்கு. நாலு பல்லுல ரெண்டு பல்லு இப்படியே முடிஞ்சா மிச்சம் ரெண்டுக்கு என்னன்னு மட்டும் யோசிச்சா போதும். இத உங்க டாக்டர்ட்ட வாய் திறந்து கேளுங்க. வீட்லயும் "சாப்பிடலன்னா டாக்டர்ட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்"னு மிரட்டுறத இன்னையோட நிப்பாட்டுங்க, அப்படி கேட்டு வளந்த பிள்ளை எங்க வாசல்லயே நின்னுரும், உள்ள காலே வைக்காது.

இனி கேஸ். நைட்ரஸ் ஆக்சைடு, ஆக்சிஜனோட கலந்து மூக்குல வைக்கிற மாஸ்க் வழியா போவும். இது ஆரம்பிச்சதே பல்லுல தான், 1844ல அமெரிக்காவுல ஹொரேஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டர் தன் பல்லயே இந்த கேஸ்ல பிடுங்க வச்சுப் பாத்தாரு. இப்ப செய்யிறது அப்படி ஆளைச் சாய்க்கிறதுக்கு இல்ல. முதல்ல வெறும் ஆக்சிஜன் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா கேஸ ஏத்துவாங்க, பெரும்பாலும் பாதிக்கு மேல போக மாட்டாங்க, ஆக்சிஜன் தீந்துட்டா கேஸும் தானா நின்னுரும்படி தான் மெஷினே இருக்கும். அஞ்சு நிமிசத்துக்குள்ள பிள்ளை தோள் தளரும், இறுக்கிப் பிடிச்சிருந்த விரல் விட்டுப் போவும், நாம கேட்டா பதில் சொல்லும், தூங்காது. முடிஞ்சதும் திரும்ப அஞ்சு நிமிசம் வெறும் ஆக்சிஜன், அப்புறம் எந்திச்சு நடந்து போயிரும். இருக்கிறதுலயே இது தான் ரொம்ப பத்திரமானது.

ஆனா இதுக்கு பிள்ளை மூக்கு வழியா மூச்சு விடணும். குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டா எங்களுக்கு இது தான் பாடு, முந்தின நாள் அருவில குளிச்சிட்டு மூக்கு ஒழுக ஒழுக வருவாங்க, அடைச்ச மூக்குல மாஸ்க் வச்சு என்ன பிரயோசனம். இன்னொண்ணு, மாஸ்க்க மூஞ்சில வைக்க விடுற அளவுக்காவது பிள்ளை ஒத்துழைக்கணும், திமிறிக்கிட்டு கத்துற பிள்ளைக்கு கேஸ் வேலையே செய்யாது, அத அமுக்கிப் பிடிச்சு வச்சா பயம் கூடத்தான் செய்யும். அப்புறம் கேஸ் குடுத்தாச்சு, இனி மரத்துப் போற ஊசி வேண்டாம்னு நெறைய பேர் நெனைக்காங்க. அப்படி இல்ல. கேஸ் பயத்துக்கு, ஊசி வலிக்கு. ஈறுல ஜெல் தடவி மரத்துப் போன பிறகு ஊசி போடுவாங்க, கேஸ்ல இருக்கிற பிள்ளைக்கு அது பெருசா தெரியாது.

அடுத்தது வாயில குடுக்கிற மருந்து, மிடசோலம். எடைக்குத் தக்கன அளந்து ஜூஸ்ல கலந்து குடுப்பாங்க, அரை மணி நேரத்துக்குள்ள கண்ணு சொருகும், நடந்தது பாதி மறந்தும் போவும், அது ஒரு நல்லது. ஆனா சரியான கசப்பு. ஒரு பையன், அவன் ஆச்சி மடில உக்காந்து பாதிய முழுங்கிட்டு மீதிய ஆச்சி சேலையிலயே துப்பிட்டான், எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியாம மறுபடி குடுக்கவும் கூடாது, அன்னைக்கு வேலை நடக்கவே இல்ல, அப்படியே உக்கார வச்சு நல்லா தெளிஞ்ச பிறகு தான் அனுப்புனோம். சில பிள்ளைங்களுக்கு தூக்கம் வாரதுக்குப் பதிலா அழுகையும் ஆத்திரமும் கூடிரும், அதுவும் இந்த மருந்துல வரக்கூடியது தான். மூக்குல ஸ்ப்ரேயா அடிக்கிறதும் உண்டு, சீக்கிரமா வேலை செய்யும், மூக்கு எரியும்.

இங்க கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன், எந்தத் தூக்க மருந்தயும் வீட்ல குடுத்துட்டு கூட்டிட்டு வராதீங்க, யார் சொன்னாலும் சரி. சளி மருந்து குடுத்தா தூங்கிருவான்னு குடுத்துட்டு பஸ் ஏத்தி கொண்டு வாராங்க. வழியில மூச்சு குறைஞ்சா யாருக்குத் தெரியும்? தூங்குது பாவம்னு தான் நெனைப்போம். திரும்பிப் போகும்போதும் அப்படித்தான், பைக்ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல அரைத் தூக்கத்துல பிள்ளைய உக்கார வச்சுட்டுப் போறது வேண்டவே வேண்டாம், தலை முன்னால தொங்குனா மூச்சுக் குழாய் மடங்கி அடைக்கும். சங்கரன்கோவில் வரைக்கும்னா கார் பிடிங்க, ஓட்ட ஒருத்தர், பிள்ளை தலையும் மூச்சும் பாத்துக்கிட இன்னொருத்தர்.

முழு மயக்கம், அதான் ஜெனரல் அனஸ்தீசியா. இது பேரக் கேட்டாலே பெத்தவங்களுக்கு வயித்தக் கலக்கும், எனக்குப் புரியுது. ஆனா நாலு பல்லும் ஆழமா இருந்து, பிள்ளை ரொம்ப சின்னது, எதுக்கும் ஒத்துக்கிடலன்னா, கையையும் காலையும் நாலு பேர் பிடிச்சுக்கிட்டு செய்யிறத விட இது எவ்வளவோ மேல். 2016ல அமெரிக்க மருந்துத் துறை 3 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல, இல்ல திரும்பத் திரும்ப மயக்கம் குடுத்தா மூளை வளர்ச்சியப் பாதிக்கலாம்னு எச்சரிக்கை விட்டுச்சு, அதப் படிச்சிட்டு தான் நெறைய பேர் பயப்படுதாங்க. கைக்குழந்தையில ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு தடவை மயக்கம் வாங்குன பிள்ளைங்கள 5 வயசு வரைக்கும் பாத்துட்டு, வித்தியாசம் இல்லன்னு 2019ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. உங்க பொண்ணுக்கு 5 வயசு, ஒரே தடவை தான், இந்த ஒரு காரணத்துக்காக பயந்து தள்ளிப் போட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வயிறு காலியா இருக்கான்னு தான். பால், பிஸ்கட், இட்லி இதெல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், எண்ணெய்ப் பலகாரம் கறின்னா 8 மணி நேரம், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம். பாலும் சாப்பாடு தான், தண்ணிக் கணக்குல வராது. வீட்ல பெரியவங்க பிள்ளை பசிக்கும்னு பாசத்துல யாரும் பாக்காதப்ப ஒரு டம்ளர் பால் குடுத்திருவாங்க, மயக்கத்துல அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. குடுத்திருந்தா ஒளிக்காம சொல்லுங்க, நாள் தள்ளி வைப்பாங்க, அவ்வளவு தான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. எந்த மருந்துன்னு கேக்குறதுக்கு முன்னாடி, அந்த நேரம் பிள்ளை மூச்சப் பாத்துக்கிட்டே இருக்க யார் இருக்காங்கன்னு கேளுங்க. பல்லு பாக்குற டாக்டர் கண்ணு பல்லுல இருக்கும், அவரால ரெண்டும் பாக்க முடியாது. ஆழமான மயக்கம்னா அவரு போக, மயக்கம் குடுத்து பாத்துக்கிட தனியா அதுக்குன்னு படிச்ச ஆள் கட்டாயம் வேணும், அமெரிக்காவுல குழந்தை டாக்டர்களும் குழந்தைப் பல் டாக்டர்களும் 2019ல சேந்து எழுதுன விதியும் அதத்தான் சொல்லுது. மயக்க டாக்டர் முழு நேரமும் ரூம்லயே இருப்பாரா, ஊசி போட்டுட்டு அடுத்த ஆபரேசனுக்குப் போயிருவாரா? ஆக்சிஜன் சிலிண்டர், பிள்ளை சைஸ் மாஸ்க், மிடசோலத்த முறிக்கிற மருந்து கையில இருக்கா? கேட்டா கோவப்படுறாங்கன்னா அந்த இடம் வேண்டாம், வேற இடம் பாருங்க. நல்ல டாக்டர் நீங்க கேட்டதுக்கு சந்தோசப்பட்டு மெஷினயே காட்டுவாரு.

நீங்களும் சில விசயத்த மறைக்காம சொல்லணும், ராத்திரி குறட்டை விடுதாளா, டான்சில் இருக்கா, வீசிங் உண்டா, இதயத்துல ஓட்டை கீட்டைன்னு எப்பவாவது யாராவது சொன்னாங்களா, சளி காய்ச்சல் வந்து எத்தனை நாளாச்சு. குறட்டை விடுற பிள்ளைக்கு சாதாரண மிடசோலம் கூட யோசிச்சு தான் குடுக்கணும்.

உங்க பொண்ணுக்குன்னா, முதல்ல பிள்ளைங்க பல்லுக்குன்னே எம்.டி.எஸ் படிச்ச டாக்டர்ட்ட காட்டி எக்ஸ்ரே எடுங்க. திருநெல்வேலில வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டை பக்கம் விசாரிங்க, ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரில கேளுங்க, காவல்கிணறு பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, போன்ல கேட்டுட்டு போங்க. ஒண்ணு ரெண்டு பல்லு தான் ஆழம், மாஸ்க்க தொட்டுப் பாக்க விடுதான்னா கேஸ்லயே ரெண்டு மூணு நடையில முடிச்சிரலாம். நாலுக்கும் வேர் சிகிச்சைன்னு வந்து, பிள்ளையும் இப்படியே கத்துனான்னா நானா இருந்தா முழு மயக்கத்துக்கு சரின்னு சொல்லிருவேன். கன்னம் வீங்கி காய்ச்சலும் வந்துட்டா மட்டும் இதெல்லாம் யோசிச்சுட்டு இருக்காதீங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

எப்படி செஞ்சாலும் ஊசி போட்டிருந்தா ரெண்டு மூணு மணி நேரம் உதடு மரத்துக் கெடக்கும், பிள்ளைங்க தெரியாம கடிச்சுக் கடிச்சு புண்ணாக்கிரும், மறுநாள் வீங்கிப் போயி வருவாங்க. மரப்பு போற வரைக்கும் சாப்பிடக் குடுக்காம கூடவே உக்காந்து பாத்துக்கோங்க.